ஏன்? எதனால்? கேட்டால்தான் தெரியும்!



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் நோட்டில் ஏற்றி முடித்து, கிளம்பும் நேரத்தில்தான் நல்ல நல்ல கேள்விகள் வருகின்றன. "பால் மட்டும் ஏங்க்கா பொங்குது, தண்ணி பொங்க மாட்டேங்குதே?" என்று ஒருவர் கேட்பார். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று இன்னொருவர் சிரிப்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை கடன் விஷயத்தில் சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண மக்களின் சந்தேகங்களுக்குச் சம்பளம் வாங்காமல் பதில் சொல்லும் தொண்டர்கள் நம் மாநிலத்தில் பல காலமாக இருக்கிறார்கள். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் குழந்தைகளுக்காக 'துளிர்' அறிவியல் இதழை நடத்தி வந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் அப்போது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இணையத்தில் எழுதி வருபவர்களும் தொண்டர்கள்தான். அந்த வழியில், காட்டுப்பாக்கம் குழுக்களில் எழுந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பால் ஏன் பொங்குகிறது?

பாலில் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. சூடு ஏறும்போது இவை மேலே ஏடாகப் படியும். அடியில் உண்டாகும் ஆவிக்கு வழி கிடைக்காமல், ஏட்டையும் நுரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் ஏடு கிடையாது. குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தால் ஏடு கிழிந்து ஆவி வெளியேறும்.

வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணீர் வருகிறது?

வெங்காயத்துக்குள் தனித்தனியாக இருக்கும் பொருட்கள், கத்தி பட்டதும் ஒன்றோடொன்று கலந்து, கந்தகம் சேர்ந்த ஒரு வாயுவாக மாறுகின்றன. அது கண்ணில் பட்டதும் எரிகிறது. அதைக் கழுவி வெளியேற்றத்தான் கண் நீர் விடுகிறது. இந்த வாயுவை உண்டாக்கும் நொதி எது என்பதை ஜப்பான் விஞ்ஞானிகள் 2002இல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காலங்காலமாக நாம் அழுதுகொண்டே நறுக்கிய வெங்காயத்துக்குப் பதில் அவ்வளவு தாமதமாகக் கிடைத்தது! ஆகவே இதை அற்பக் கேள்வி என்று யாரும் சொல்ல வேண்டாம். கூர்மையான கத்தியால் நறுக்கினால் வெங்காயம் நசுங்காது, எரிச்சலும் குறையும்.

போர் தண்ணியில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை? பருப்பு ஏன் வேகுவதில்லை?

பூமிக்குள் இருக்கும் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். நாம் போடும் சோப்பு முதலில் இந்த உப்புகளோடு சேர்ந்து அழுக்குப் போலத் திரிந்துவிடுகிறது. மிச்சம் உள்ள சோப்புதான் நுரைக்கும். அதனால் சோப்புச் செலவு கூடுகிறது. கால்சியம் பருப்பையும் இறுக்கிவிடும். பருப்பு, கொண்டைக்கடலை வேகவைக்க உப்பில்லாத குடிதண்ணீரை எடுங்கள். புளிப்பும் வேக விடாது. எனவே புளி, தக்காளியைப் பருப்பு வெந்த பிறகே சேருங்கள். கேஸ் மிச்சமாகும்.

கேஸ் வாடை வந்தால் ஃபேன் சுவிட்சைத் தொடாதே என்கிறார்களே, ஏன்?

சமையல் கேஸுக்குத் தானாக வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். இந்த கேஸ் காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தங்கும். சுவிட்சைப் போட்டாலும் சரி, அணைத்தாலும் சரி, உள்ளே சிறு தீப்பொறி உண்டாகலாம். அது போதும் தீப்பிடிக்க. எனவே எரியும் விளக்கையும் அணைக்க வேண்டாம். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வெளியிலும் வருடம் 12 சதவீதம், குழுவிலும் மாதம் 1 சதவீதம். பிறகு ஏன் வெளியில் அதிகம் கட்டுகிறோம்?

மிக நல்ல கேள்வி! 12,000 ரூபாய் கடன், மாதம் 1,000 வீதம் 12 மாதத்தில் அசலைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும்தான் வட்டி. முதல் மாதம் 120 ரூபாய், அடுத்து 110, பிறகு 100 என்று குறைந்து, கடைசி மாதம் 10 ரூபாய். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 780 ரூபாய். 'ஃபிளாட்' வட்டி என்றால், பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 12,000 ரூபாய்க்கே வட்டி போடுவார்கள். மொத்தம் 1,440 ரூபாய். அதே 12 சதவீதம்தான், ஆனால் 660 ரூபாய் கூடுதல்!

கையெழுத்துப் போடும் முன் "இது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா? மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, கடன் விவரங்களை நமக்குப் புரியும் மொழியில் அட்டையில் எழுதித் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

பால் ஏன் பொங்குது என்று கூச்சமில்லாமல் கேட்கப் பழகியவர், வட்டியைப் பற்றியும் தைரியமாகக் கேட்பார். அதனால் கூட்டத்தில் யார் கேள்வி கேட்டாலும் சிரிக்காதீர்கள். பதில் தெரியாத கேள்விகளைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கூட்டமைப்புக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். விசாரித்து அடுத்த இதழில் எழுதுகிறோம்.