மாலை கழற்றிய மறுநாள்

நிதானம் – 9

கார்த்திகை பிறந்துவிட்டால் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் சாமிகள் பெருகிவிடுவார்கள். முந்தாநாள் வரை கட்டிங்குக்குப் பங்காளி தேடிக்கொண்டிருந்தவர், கறுப்பு வேட்டியும் துளசி மணியுமாக முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் ஏற்றிக் கேரளா லாரிக்கு நடப்பார். "சாமி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று சத்தம் வரும். மண்டி முதலாளி அவரைச் சாமி என்பார். வீட்டில் மனைவியும் சாமி என்பார். டாஸ்மாக் பக்கம் எதேச்சையாகப் போனால்கூட, பழைய கூட்டாளியே "நீங்க கெளம்புங்க சாமி" என்று அனுப்பிவைப்பார். ஐயப்பன் சீசன் முடிகிறபோது தைப்பூசம் வந்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து பழநி போகிற பாதயாத்திரைக் கூட்டம் இந்த ஊரைக் கடந்துதான் போகவேண்டும். முருகனுக்கு மாலை போட்டவர்கள் காவியும் பச்சையுமாகச் சாலையை நிறைத்திருப்பார்கள்.

41 நாள், 48 நாள் என்று அவரவர் கணக்கு. வருஷம் முழுக்கக் குடிக்கிற மனிதர் அத்தனை நாளும் தொடாமல் இருக்கிறார். "எல்லாம் சாமி பயம்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை.

மாலை போட்டதும் அந்த மனிதரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. வற்புறுத்துவதில்லை. வேலை முடிந்த சாயங்காலம், உடம்பு வலியும் கையில் கூலியுமாக இருக்கிற அந்த ஆபத்தான இரண்டு மணி நேரத்தில், போவதற்கு அவருக்கு பஜனை என்று ஓர் இடம் இருக்கிறது. பல வருஷம் மலைக்குப் போய்ப் பழகிய குருசாமி ஒருவர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கலாம். கூடவே அதே விரதத்தில் பத்து இருபது பேர். நாள் எண்ணிக்கை வேறு, "இன்னிக்கு இருபத்தி மூணாவது நாள்" என்று. மரியாதையும் கூடுகிறது. இதற்கெல்லாம் ஒரு பைசா அரசு நிதி ஒதுக்கவில்லை. ஊரே சேர்ந்து, தனக்குத் தெரியாமலே, ஒரு குடி மீட்புத் திட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறது.

கோளாறு மாலையைக் கழற்றிய மறுநாள் தொடங்குகிறது. மறுநாள்கூட வேண்டாம், சிலருக்கு அன்று சாயங்காலமே. "என்ன மாப்ள, விரதம் முடிஞ்சிருச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். சாமி மறுபடி மாப்ளை ஆகிவிடுவார். பஜனை இல்லை, குருசாமி இல்லை, எண்ணுவதற்கு நாளும் இல்லை.

அதற்கு முன்னால் விரதத்தின் முதல் மூன்று நாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் எதிர்வினை காட்டும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாததைப் பார்ப்பார்கள், பூச்சி ஊர்கிறது என்பார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். மாலை போட்டவருக்கு இப்படி ஆனால் சாமி குத்தம் என்று திருநீறு பூசி உட்காரவைக்கிற வீடுகள் உண்டு. இது மருத்துவ அவசரம். கவனிக்காமல் விட்டால் சாவு வரை போகும். "ஒரு குளுக்கோஸ் ஏத்துனா சரியாப்போயிரும்" என்பதும் பாதி உண்மைதான். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொன்னால்தான் அவருக்கு இது தெரியும். தினமும் காலையில் கை நடுக்கத்துக்காகக் குடிக்கிறவர், மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சரி, 49-ஆம் நாளுக்கு வருவோம்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைநழுவிப்போன ஒரு பங்குத் தரகர் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். பெயர் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாக போன் போட்டார். அவர் கேட்டது அறிவுரை சொல்ல ஆள் இல்லை. தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றார். டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் கிடைத்தார். பதினைந்து நிமிஷம்தான் என்று முறைத்துக்கொண்டு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1957-ல் அது இந்தியாவுக்கு வந்தது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. முழுப்பெயர், சாதி, வேலை எதையும் கேட்கமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் குடிக்காமல் இருப்பவர் புதிதாக வருகிறவருக்குத் துணையாக நிற்கிறார். குருசாமி முறைதான், மாலை கழற்றுகிற நாள் மட்டும் கிடையாது.

தமிழ்நாட்டில் இதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயில் கணவரை இழந்தவர். 1980-ல் சென்னையில் அவர் தொடங்கியதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. எனக்கு அவர்களுடைய சென்னைக் கட்டடத்தைவிடக் குடவாசல் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்தில் நடத்திய முகாம்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. கூலி வேலைக்காரர் ஒரு மாதம் சென்னையில் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. அதனால் 1980களின் இறுதியில் மருத்துவக் குழு கிராமத்துக்கே போனது. பதினைந்து நாள் முகாம். உள்ளூர் அமைப்பு ஒன்று துணை நின்றது. முகாம் முடிந்தபின் மாதாமாதம் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். குடித்தவர் மட்டுமில்லாமல் மனைவியும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார். பதினைந்து நாளில் யாருக்கும் குடிநோய் தீராது. அந்த மாதாந்திர வருகைதான் மருந்து.

மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை. "தெரியாம சாம்பார்ல கலந்து குடுங்க, குடிய மறந்துருவாரு" என்று விற்கிற பொடியும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். அதில் டைசல்ஃபிரம் இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அது நல்ல மருந்துதான். ஆனால் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கவேண்டியது. அதேபோல, ஆளை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற மறுவாழ்வு மையங்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவை மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்கவேண்டும். சங்கிலியால் கட்டிவைப்பது குற்றம். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசு என்ன செய்கிறது? 2003-லிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023–24-ல் டாஸ்மாக் வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களையும் அதே அரசு திறந்தது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலையை வாசகர்களிடமே விடுகிறேன். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மையங்கள் திறந்ததை வரவேற்கிறேன். மற்ற 37 பேரைக் கொண்டுவந்து சேர்க்கிறவர் யார் என்பதுதான் கேள்வி.

ஒட்டன்சத்திரத்துக்கு இது புதிதாகக் கற்கவேண்டிய பாடமில்லை. 1955-ல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் இங்கே கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனையைத் தொடங்கியபோது இது மிகச் சிறிய ஊர். பெரிய நகரத்துக்குப் போகாமல் சாதாரண ஜனங்களுக்கு நடுவில் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று வந்தவர்கள் அவர்கள். குடிநோய்க்கும் அந்த அளவு அருகாமை வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். மார்க்கெட் வியாபாரிகளே, வாரத்தில் ஒரு சாயங்காலம், கூலி பட்டுவாடா நாளாக இருந்தால் இன்னும் நல்லது, சரக்கு இறக்காத ஒரு அறையை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். ஒரு பானைத் தண்ணீரும் நாலு பெஞ்சும் போதும். கூட்டம் தொடங்க குடியை விட நினைக்கிற இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும் என்பதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் விதி. குருசாமிகளே, மாலையைக் கழற்றி வாங்கும்போது, "அடுத்த வாரமும் வந்துரு சாமி" என்று அவரிடம் சொல்லுங்கள். அவரைச் சாமி என்றே கூப்பிடுங்கள்.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மனாஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. குடிப்பவர்தான் அழைக்கவேண்டும் என்றில்லை, வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.

(தொடரும்)