கையுறையில் மிச்சமிருக்கும் பால்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் பலூன்காரர்களுக்குக் குறைவே இருக்காது. ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து காவடியோடு போகும் குடும்பங்களில் பிள்ளைக்கு ஒரு பலூனாவது வாங்காமல் திரும்புகிறவர்கள் அபூர்வம். அதை ஊதியபோது உதடு அரித்ததா, தடித்ததா என்று ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்டால் சிரித்துவிடாதீர்கள். லேடெக்ஸ் ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பலூனும் டாக்டர் மாட்டும் கையுறையும் ஒரே ரப்பர் மரத்துப் பாலில், அதாவது லேடெக்ஸில், செய்தவை.

குமரி மாவட்டத்தில் இருட்டு பிரியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சேகரிக்கும் ரப்பர் பாலில் ரப்பரோடு புரதங்களும் கலந்திருக்கின்றன. கை வடிவ பீங்கான் அச்சுகளை அந்தப் பாலில் முக்கி, சூட்டில் பதப்படுத்தி, வெந்நீரில் அலசி எடுத்தால் கையுறை. இந்த அலசலில்தான் சூட்சுமம். நன்றாக அலசினால் புரதம் பெருமளவு போய்விடும். அவசரப்பட்டால் கையுறையிலேயே தங்கிவிடும். சுலபமாக மாட்டுவதற்குத் தூவும் சோளமாவு இன்னும் மோசம். புரதம் அந்த மாவில் ஒட்டிக்கொள்ளும். கையுறையை ‘சடக்’கென்று கழற்றும்போது வெண்புகையாக எழும் மாவு பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்குள்ளும் போகும். கையுறையையே தொடாதவருக்கு மூச்சிரைப்பு வருவது இப்படித்தான்.

ரப்பர் கையுறையால் உடனடியாகத் தடிப்பு வந்த ஒருவரைப் பற்றி பிரிட்டனிலிருந்து 1979இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எய்ட்ஸ் பயம் வந்து, 1987இல் எல்லா நோயாளிகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள் என்று அமெரிக்கா அறிவுறுத்திய பிறகு கையுறைக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒவ்வாமையும் கூடவே பெருகியது. அதே 1987இல் பின்லாந்தில் ஆஸ்பத்திரி ஊழியர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இருந்தது. பவுடர் போட்ட கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்தது. நம்மூர் மருந்துக் கடைகளில் அவை இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

கையுறையில் மிச்சமிருக்கும் புரதத்தை அளப்பது அப்படியொன்றும் மர்மமில்லை. கையுறையைத் துண்டாக்கி ஊறவைத்து, அந்த நீரிலுள்ள புரதத்தைத் திரியவைத்துப் பிரித்து, லவ்ரி முறையில் நீல நிறம் வரவைப்பார்கள். நிறம் எவ்வளவு அழுத்தமோ புரதம் அவ்வளவு. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு 200 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாப் புரதத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. வம்பு செய்வதோ சில மட்டும். ஹெவ் பி 1, 3, 5, 6.02 என்று பெயரிட்ட அத்தகைய நான்கு புரதங்களைத் தனித்தனியாக எலைசா முறையில் அளக்கும் சோதனை பிறகு வந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களைப் பெரும்பாலும் படுத்துவது 5, 6.02 இரண்டும். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்து சிறு வயதிலேயே பல ஆபரேஷன் கண்ட குழந்தைகளிடம் 1, 3. என் கணிப்பில் இரண்டாவது சோதனையே உண்மைக்கு நெருக்கம். மொத்தப் புரதம் குறைவு என்பதை ஆபத்து இல்லை என்று படித்துவிடக்கூடாது.

அதற்காக, கையுறை போட்டுக் கை அரிக்கிற நர்ஸ் எல்லோருக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை என்று முத்திரை குத்துவதும் தப்பு. பெரும்பாலும் காரணம் சோப்பு, சானிடைசர், உள்ளே தேங்கும் வியர்வை. இரண்டொரு நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பினால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுராம் போன்ற ரசாயனங்களைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் உண்டு. மாட்டிய சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், மூச்சுத் திணறல் என்றால்தான் நிஜமான லேடெக்ஸ் ஒவ்வாமை. வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் தொண்டை அரிக்கிறது என்பவரிடமும் ரப்பரைப் பற்றிக் கேட்க வேண்டும். பழத்திலும் மரப்பாலிலும் ஒத்த சாயல் கொண்ட புரதங்கள் இருக்கின்றன.

நோயாளி சொல்லும் கதைக்கு அடுத்தது ரத்தத்தில் ஒவ்வாமைக்கான ஐஜிஇ எதிர்ப்புரதத்தைத் தேடும் பரிசோதனை. அது சில சமயம் இல்லாததை இருப்பதாகச் சொல்லும், இருப்பதையும் தவறவிடும். தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது இன்னும் துல்லியம். ஆனால் வீட்டிலோ, முதலுதவி வசதியில்லாத கிளினிக்கிலோ கையுறையை நனைத்து விரலில் மாட்டி “பார்ப்போமே” என்று இறங்குவது விபரீதம். அட்ரினலின் ஊசியும் பழகிய கைகளும் உள்ள இடத்துக்கு, வேலூருக்கோ சென்னைக்கோ, அனுப்பிவிடுவதே சரி.

உறுதியானால், சீட்டில் சிவப்பு மையால் எழுதிவிட வேண்டும். அன்றைய முதல் ஆபரேஷனாக அவரை எடுத்துக்கொள்வது நல்லது. காற்றில் மாவு பறக்கத் தொடங்கியிராது. கையுறை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும். சிறுநீர்க் குழாய், கையில் இறுக்கும் ரப்பர் பட்டை ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். ஆணுறையைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள், அதுவும் லேடெக்ஸ்தான். லேடெக்ஸ் இல்லாதவையும் கடைகளில் கிடைக்கின்றன.