குடல் அழற்சிக்கு மாத்திரை, எலும்பு மஜ்ஜைக்கு ஆபத்து

ரத்தமும் சளியுமாகப் பேதி, ஓயாத வயிற்றுவலி, எடை குறைவு. மூலம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடத்தியவர்களுக்கு, பரிசோதனையில் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அல்லது கிரோன் நோய் என்று தெரியவரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய்கள் இவை. ஸ்டீராய்டை நெடுநாள் தொடர முடியாது என்பதால் பலருக்கும் எழுதித் தரப்படுவது அசதியோபிரின். 1950களில் உருவான மருந்து, விலையும் குறைவு.

உடலுக்குள் போனதும் அது தயோகுவானைன் பொருள்களாக மாறி, பெருகிவரும் வெள்ளை அணுக்களின் டிஎன்ஏவில் புகுந்துவிடுகிறது. அழற்சி தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சிப்போனால் எலும்பு மஜ்ஜை முடங்குவதும் இதனால்தான். மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள டிபிஎம்டி, என்யூடிடி15 என்ற இரண்டு நொதிகள் உண்டு. பிறவியிலேயே இவை மந்தமாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும்.

மேலைநாடுகளில் வெகுகாலம் டிபிஎம்டியை மட்டுமே பார்த்தார்கள். அந்த அளவுகோல் நமக்குப் பொருந்துமா என்று தேடியவர்களில் புதுச்சேரி ஜிப்மர் மருந்தியல் துறையினர் முக்கியமானவர்கள். பேராசிரியர் சி.ஆதித்தன் உள்ளிட்டோர் தென்மாநில மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரையில் டிபிஎம்டி வேறுபாடுகளும் இடம்பெற்றன. ஐரோப்பியரைவிட நம்மிடம் அவை குறைவு. ஆனாலும் வெள்ளை அணு சரிகிறவர்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். காரணம் 2014இல் தென்கொரியாவில் கிரோன் நோயாளிகளிடம் பிடிபட்டது: என்யூடிடி15 மரபணு மாற்றம். ஐரோப்பியரிடம் அரிதான இது ஆசியர்களிடம், இந்தியர் உட்பட, கணிசமாக உண்டு.

மருந்தைத் தொடங்கும் முன் இந்த இரண்டு மரபணுக்களுக்குமான பரிசோதனை ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும். ஆயுளுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஒருவரின் உயிரையே அது காக்கக்கூடும். முடிவு சாதகமாக இருந்தாலும் ரத்த அணு எண்ணிக்கையை, குறிப்பாக முதல் சில வாரங்களில், அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். மரபணு மாற்றம் இல்லாதவர்களுக்கும் அணுக்கள் சரிவதுண்டு. கல்லீரல், கணையம் பாதிக்கப்படுவதும் உண்டு.

தொடங்கிய சில வாரங்களிலேயே தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். வெள்ளை அணு சரியப்போவதன் அறிகுறியாக அது இருக்கலாம். காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் சாப்பிடுகிறவர்கள் அதைக் குடல் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அசதியோபிரின் உடலில் சிதைவதை அது தடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தால், அசதியோபிரினை வழக்கமான அளவில் ஏறக்குறைய கால் பங்காகக் குறைக்கிறார்கள்.