சர்வர்களின் ஊர் – 11: குத்தகைப் பூட்டு

இலங்கைத் தமிழர் வழக்கில் காணி கைமாறும் வழிகளுள் இரண்டு, கணினியியலாளர் பூட்டு என்று சொல்வதன் இரு வகைகளையும் ஒத்திருக்கின்றன. ஒற்றியில், கடன் கொடுத்தவர் தம் பணம் திரும்பும்வரை காணியைக் கையில் வைத்து அதன் விளைவை வட்டிக்கு ஈடாக அனுபவிக்கிறார்; குத்தகையிலோ, கட்டைபறிச்சான் முதலிய மூதூர்ப் புறத்து வயல்களுக்குப் பேசப்படுவதுபோல், ஒரு போகம் அல்லது ஒரு வருடம் என்று காலம் முன்கூட்டியே குறிக்கப்படுவதால், செய்கை பண்ணியவர் நேரில் வந்து ஒப்படைக்காவிட்டாலும் தவணை முடிந்ததும் வயல் உரியவரிடம் மீள்கிறது. பல சர்வர்கள் ஒரே கோப்பைக் கையாளும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே எழுதலாம் என்று அளிக்கப்படும் உரிமையே பூட்டு. அது ஒற்றியைப்போல் அமைந்துவிட்டால், பூட்டைப் பெற்ற சர்வர் இடையில் செயலிழக்கும்போது அதைத் திருப்பித் தர எவரும் இல்லாமற்போக, ஏனையவை யாவும் காத்தே கிடக்கும்.

இதற்கு மாற்றான காலவரைப் பூட்டை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி கிரே, டேவிட் செரிட்டன் ஆகிய இருவரும் 1989இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தபோது, அதற்கு இட்ட பெயரே குத்தகை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். கூகுள் நிறுவனம் 2003இல் விவரித்த கோப்பு முறைமையில் இக்குத்தகையின் தொடக்கக் காலம் 60 விநாடி. வேலை முடியாத சர்வர், தான் உயிருடன் இருப்பதை அறிவிக்க இடையிடையே அனுப்பும் செய்தியோடு சேர்த்தே கால நீட்டிப்பையும் கேட்டுக்கொள்கிறது.

ஆயினும், பதில் தராத சர்வர் இறந்துதான் போயிற்றா, அல்லது தாமதிக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து பிரித்தறிய வழியில்லை. வராதவர் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை என்பது கட்டைபறிச்சானுக்குப் புதிய செய்தியன்று. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுள் ஒரு பகுதியினர், 2015இல் மீள்குடியேற்றம் தொடங்கும்வரை இவ்வூர் முகாமிலும் வாழ்ந்தனர். கணினியில் இத்தகைய தாமதம் பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரணத்தாலேயே நேர்கிறது: பயன்படாத தரவுகளை நினைவகத்திலிருந்து அகற்றுவதற்காக நிரல் முழுவதும் சில கணம், சில வேளைகளில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக, உறைந்து நிற்கிறது, அதற்குள் குத்தகை முடிந்து பூட்டு வேறொரு சர்வரிடம் சென்றுவிட, விழித்தெழும் பழைய சர்வரோ நேரம் கடந்ததை அறியாமல், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறது. எழுதுமுன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாமே எனில், பார்த்த மறுகணமே உறைந்துபோவதைத் தடுப்பார் யாருமில்லை.

ஆகவே காவலைக் குத்தகைக்காரரிடமன்றி வயலின் வரம்பிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. பூட்டு வழங்கப்படும் ஒவ்வொரு முறையும் ஏறிச்செல்லும் எண்ணொன்று உடன் தரப்படுகிறது. 42ஆம் எண்ணுடன் வந்த எழுத்தை ஏற்றுக்கொண்ட சேமிப்பகம், பின்னர் 41ஐக் காட்டி வருவதை மறுத்துவிடுகிறது. கூகுளின் சப்பி என்னும் பூட்டுச் சேவை 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இத்தகைய எண்ணைக் கொண்டிருந்தது. ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வத்தோரே சான்பிலிப்போவின் ரெட்லாக் முறையில் இது இல்லை என்று மார்ட்டின் கிளெப்மன் 2016இல் குறைகூறியபோது, எண்வரிசையைச் சரிபார்க்கும் ஆற்றல் சேமிப்பகத்துக்கே இருக்குமாயின் பூட்டுக்கு என்ன வேலை என்று சான்பிலிப்போ திருப்பிக் கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. ஆனால் கணக்குத் தவறக்கூடாத இடங்களில், கடிகாரத்தை மட்டும் நம்பும் பூட்டைவிட எண்ணைச் சரிபார்க்கும் சேமிப்பகமே பாதுகாப்பானது.

தற்செயலாக அதே 2016இல் இலங்கைப் பாராளுமன்றமும் காலம் கடந்த உரிமை பற்றி ஒரு சட்டம் இயற்றியது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பிறர் காணியைப் பத்தாண்டு இடையூறின்றி எதிருரிமையாக ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரினால் நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அக்கணக்கில் சேராது என்று 5ஆம் இலக்கப் புதிய சட்டம் கூறியது. சட்டத்தால் கடிகாரத்தை நிறுத்திவைக்க முடிகிறது. சேமிப்பகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. திரும்பி வரும் சர்வர் எந்தக் காரணத்தால் உறைந்திருந்தாலும், வரிசையின் கடைசியில் நின்று 43ஆம் எண்ணைப் பெற்று, பாதியில் விட்ட வேலையை முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.