அறுபத்து நான்கு கட்டங்கள் – 12: மதிலே சிறை

ஸ்ரீரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் செஸ் கற்க வரும் பிள்ளைகளில் பத்து வயதுப் பெண் ஒருத்தி உண்டு. போன வாரம் கேட்டாள்: "சார், ராணியைக் கொடுக்கலாம்னு எப்படித் தோணும்? எனக்குத் தோணவே மாட்டேங்குது."

துணிச்சல் இருந்தால் தோன்றும் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராணியைக் கொடுக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால் அதன் விலைதான் கண்ணுக்குத் தெரியும். பார்க்க வேண்டியது எதிராளியின் ராஜாவை. அது நகர எத்தனை கட்டம் மிச்சம்? எந்தெந்தக் கட்டத்தை அதன் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன?

இந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1751-ல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. வெளியே முற்றுகையிட்டு, அவருடைய போட்டியாளர் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். மறு ஆண்டு ஆங்கிலேயத் தளபதிகள் லாரன்ஸும் கிளைவும் முகமது அலியின் உதவிக்கு வந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் போய்விட்டார். கோயில்களின் கல் மதில், இரண்டு பக்கமும் ஆறு. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? ஆனால் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டார். தெற்கே லாரன்ஸ். தீவுக்குள் உணவு வரும் வழி அடைபட்டது. ஜூன் மாதம் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதியிடம் சிக்கிய சந்தா சாகிப் கொல்லப்பட்டார். காக்கும் என்று நம்பிப் போன மதிலும் ஆறுமே வெளியேற விடாமல் பிடித்துக்கொண்டன.

செஸ்ஸில் இதற்கு ஸ்மதர்டு மேட் என்று பெயர். சொந்தக் காய்கள் சுற்றி நின்று ராஜாவை மூச்சுமுட்ட வைக்க, ஒற்றைக் குதிரை வந்து முடித்துவிடும். 1497-ல் ஸ்பெயினில் அச்சான லூசேனாவின் புத்தகத்திலேயே இது இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்காகப் பலகையில் ஓர் ஆட்டத்தை அடுக்கினேன். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே. லெவோன் அரோனியன் வெள்ளை. நம் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு. அப்போது அவர்தான் உலக சாம்பியன். 15-வது நகர்த்தலில் பிஷப்பை சிப்பாயின் வாயில் வைத்தார். அடுத்ததில் குதிரையை இ5-க்குக் கொண்டுவந்து, அதையும் வெட்டக் கொடுத்தார். இன்னொரு குதிரை ஜி4-ல், அதன் மீதும் வெள்ளை பிஷப்பின் கண். எஃப்8 யானையும் வெட்டுப்படும் நிலையில். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது.

"வெள்ளை, சிப்பாயால் இ5 குதிரையை வெட்டட்டும். உன் ராணி டி4 சிப்பாயை வெட்டி செக். ராஜா ஹெச்1 மூலைக்குப் போகிறது. இப்போ நீ ஆடு" என்றேன்.

வெகு நேரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு விரல் காலியாக இருந்த எஃப்2 கட்டத்தில் போய் நின்றது.

"குதிரை இங்க வந்தா செக். ஆனா எஃப்1 யானை வெட்டிடும்."

"சரி."

"அந்த யானையை அங்கேருந்து கிளப்பணும்." கொஞ்சம் பொறுத்து, "அது ஜி1-க்குப் போனா ராஜாவோட வழியும் அடைஞ்சிடும் சார்!"

கை தானாக ராணியை எடுத்தது. ஜி1-ல், ராஜாவுக்கு ஒட்டினாற்போல் வைத்தாள். தூரத்தில் சி5 பிஷப் காவல் நிற்பதால் ராஜாவால் அதைத் தொட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டினேன். குதிரை எஃப்2-ல் வந்து நின்றது. மேட். ராணியைக் கொடுத்தது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அரோனியன் இதையெல்லாம் பார்த்துவிட்டார். இ5 குதிரையைத் தொடாமல், பிஷப்பால் ஜி4 குதிரையை வெட்டினார். அப்படியும் தப்ப வழியில்லை. ஆனந்தின் இரண்டு பிஷப்புகளும் இரு மூலைவிட்டங்களில் ராஜாவைக் குறிவைத்து நிற்க, 23-வது நகர்த்தலோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

அந்த இரட்டை பிஷப் அமைப்புக்கு ஒரு மூதாதை உண்டு: 1907, லோட்ஸ் நகரம், ரூபின்ஸ்டைன். அடுத்த வாரம் அந்தப் பலகையை அடுக்குவோம்.