பிரதிவாதி ஒரு மோட்டார் வண்டி

குற்றம் செய்தவனை விசாரித்து, ருசுவானால் தண்டிப்பதே நாகரிக தேசங்களின் முறை. அமெரிக்காவில் இதற்குப் புறம்பான வழக்கமொன்றும் நடந்து வருகிறது. அங்கே சொத்தின் மீதே பிராது கொடுக்கலாம். 2006-ல் மேல் நியாயஸ்தலமொன்று தீர்ப்புக் கூறிய வழக்கில் சர்க்கார் வாதி. 1,24,700 டாலர் பணம் பிரதிவாதி!

சொத்துக்கு உடையவன் மீது குற்றச்சாட்டே இல்லாதிருக்கலாம். சிவில் வழக்காகையால், சந்தேகத்திற்கு இடமின்றி ருசுப்பிக்க வேண்டுவதில்லை. சர்க்கார் பக்கத்துச் சாட்சியம் சற்றுக் கனத்தாலே பெரும்பாலும் போதும். ஏழைக்கு வக்கீல் அமர்த்தித் தரும் கடமையும் அநேகமாய்க் கிடையாது. ஆயிரம் டாலரை மீட்க அதற்கு மேல் பீஸ் கொடுப்பவர் யார்? 1928-ல் பர்தோலியில் வரிக்காகக் குடியானவரின் எருமைகளை ஜப்தி செய்தனர். அங்கேயாவது பாக்கி என்றொரு பெயர் இருந்தது.

கேட்டிற்கு வேர் 1984-ம் வருஷத்துச் சட்டம். பறிமுதல் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகாமல், சட்டத்தை நடத்துவோர் கைக்கே சேர அது வழி செய்தது. ராஜ்யப் போலீஸார் மத்திய சர்க்காரோடு சேர்ந்து கைப்பற்றினால் நூற்றுக்கு 80 வரை பங்கு பெறலாம். வேலிக்கே மேய்ச்சலில் பங்கு கொடுத்தாயிற்று.

மிச்சிகனில், கணவனின் ஒழுக்கக்கேட்டுக்காக, தம்பதிகள் கூட்டாக வைத்திருந்த வண்டி பறிபோயிற்று. ஒன்றுமறியாத மனைவி தன் பாகத்தைக் கேட்டாள். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளில் ஐவர் மறுத்தனர், நால்வர் மாறுபட்டனர். அவள் செய்த குற்றம் யாதென்று ஐவரும் கூறவில்லை. கூற வேண்டிய அவசியமுமில்லை என்பதே சட்டத்தின் போக்கு.

இந்தியானாவில் ஹெராயின் விற்றதை ஒப்புக்கொண்ட ஒருவரின் விஷயம் வேறு. குற்றத்திற்கு உச்ச அபராதம் 10,000 டாலர். பறித்த வண்டியோ ஏறக்குறைய 42,000 டாலருக்கு, தகப்பனாரின் இன்ஷ்யூரன்ஸ் பணத்தில் வாங்கியது. மிதமிஞ்சிய அபராதத்தைத் தடுக்கும் அரசியல் சட்ட விதி ராஜ்யங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019-ல் நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினர். 2013-ல் பறித்த வண்டி 2020-ல்தான் அவர் கைக்கு வந்தது. இந்த நம்பிக்கையும் 2024-ல் சற்றுக் குன்றியது. இறுதி விசாரணைக்கு முன்பே, வண்டியைப் போலீஸார் வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தனி விசாரணை கோர உரிமையில்லை என்று அதே கோர்ட்டு ஆறுக்கு மூன்றாகத் தீர்மானித்தது.

நியூ மெக்ஸிகோ ராஜ்யம் 2015-ல் இம்முறையையே ஒழித்தது. குற்றத் தீர்ப்பின்றிப் பறிமுதல் இல்லை. பணமும் பொதுக் கஜானாவுக்கே. ஆயினும் அந்த ராஜ்யத்தின் பெரிய நகரமாகிய ஆல்புகர்க்கி, சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாதென்று சொல்லி வண்டிகளைப் பறித்தே வந்தது. 2018-ல் நியாயஸ்தலம் கண்டித்த பிறகுதான் நிறுத்தியது.