விவரச்சுவடிகளில் ஓர் ஆலையூர்

ஓர் ஊரின் இருப்பிடம், மக்கள்தொகை, தொழில், விளைச்சல், பழஞ்சின்னங்கள் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் கெசட்டியர் என்னும் விவரச்சுவடி, இந்தியாவில் ஆட்சியாளர்களின் கையேடாக அறிமுகமானது. ஸ்காட்லாந்திலோ அதற்கு அடித்தளம் இட்டவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். 1790ஆம் ஆண்டில் சர் ஜான் சின்கிளேர் என்னும் நிலக்கிழார், ஒவ்வொரு தேவாலயத்தின் பொறுப்பிலும் இருந்த பங்கு எனப்படும் நிலப்பகுதிகளின் பாதிரிமார்களுக்கு, நூற்றறுபது வினாக்கள் கொண்ட பட்டியலை அனுப்பினார். விடை தராதவர்களை மீண்டும் மீண்டும் மடல் எழுதி நெருக்கினார். அப்போதும் எழுதப்படாத இடங்களுக்குத் தம் ஆட்களையே அனுப்பினார். அவ்வாறு திரண்டவை ‘ஸ்காட்லாந்தின் புள்ளிவிவர அறிக்கை’ என்னும் பெயரில் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. கிளாஸ்கோவில் பிறந்த டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர், 1870களில் வங்காளத்தைப் பற்றி வெளியிட்ட 20 தொகுதிகளுக்கும் ஏறத்தாழ இதே தலைப்பையே சூட்டினார்.

சின்கிளேரின் நூல்வரிசை ஓர் ஆலையூரை எவ்வாறு கண்டது என்பதற்கு, கிளைடு ஆற்றங்கரையில் உள்ள நியூ லானார்க் தக்க சான்றாகும். கிளாஸ்கோ வணிகரான டேவிட் டேல், நீர்விசையால் இயங்கும் நூற்பு எந்திரத்துக்குப் பெயர்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட்டுடன் கூட்டுச் சேர்ந்து, அருவிகளின் வேகத்தை நம்பி அங்கு நிறுவிய பருத்தி நூற்பாலை 1786இல் ஓடத் தொடங்கியது. சுரங்க வாய்க்கால் வழியாகப் பாய்ந்த ஆற்றுநீர் சக்கரங்களைச் சுழற்றியது. மேட்டுநிலத்து மக்கள் ஆலை வேலைக்கு வந்துசேர்ந்த வரலாறும் சுவையானது: 1791இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கி கிரீனாக் துறைமுகத்தில் ஒதுங்க, அதிலிருந்தோருக்கு டேல் வேலையும் வீடும் தர முன்வந்ததால், அவர்களில் பலர் பயணத்தைக் கைவிட்டு இங்கேயே தங்கிவிட்டனர்.

1793இல் ஆலையில் இருந்த ஏறத்தாழ 1,150 தொழிலாளரில் 800 பேர் அளவினர் சிறுவர், சிறுமியர். அவர்களுள் கணிசமானோர் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து வந்தவர்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை உழைத்தபின், எஞ்சிய பொழுதில் பள்ளிக்கும் சென்றனர். உணவும் உடையும் எழுத்தறிவும் கிடைத்ததற்காக அக்காலத்தவர் டேலைப் போற்றினர். பிற ஆலைகளோடு ஒப்பிட்டால் அப்போற்றுதலில் நியாயம் உண்டு; ஆயினும் எண்ணிக்கையில் இத்தனை கவனம் செலுத்திய ஏடுகளில் அக்குழந்தைகளின் சொல் ஒன்றேனும் இடம்பெறவில்லை. மக்களின் மகிழ்ச்சியை அளந்தறிவதே தம் நோக்கம் என்று சின்கிளேர் கூறியிருந்த நிலையில், இக்குறை சிறியதன்று. 1800இல் மேலாண்மையை ஏற்ற ராபர்ட் ஓவன், பத்து வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, 1816இல் கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தார்.

பிற்காலத்து நூல்களில் நடையே மாறிவிடுகிறது. 1834 முதல் 1845 வரை 15 தொகுதிகளாக வந்த புதிய அறிக்கையிலும் பாதிரிமாரின் குரல் கேட்கிறது. 1882 முதல் 1885 வரை ஃபிரான்சிஸ் குரூம் தொகுத்த ஆறு தொகுதி விவரச்சுவடியிலோ ஊர்கள் அகரவரிசையில் அடங்கிவிட, பங்குகளைப் பற்றிய பதிவுகள் சொத்து மதிப்பு, மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை வரைபடத்தின் தாள் எண் ஆகியவற்றோடு சுருக்கமாக முடிகின்றன. தேடுவோர்க்கு அது எளிது. படித்துச் சுவைப்போர்க்குப் பழைய பாதிரிமாரே மேல்.

ஆனால் அருவிகள் என்று வந்தால் எந்நூலும் சிக்கனம் பார்ப்பதில்லை. சுமார் 84 அடி உயரமுள்ள கோரா லின் அருவியைக் காண 1708இலேயே கண்ணாடிகள் பதித்த காட்சிமண்டபம் கட்டப்பட்டிருந்தது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1803இல் அங்கு வந்தார். 1927 முதல் புனல்மின் நிலையங்கள் ஆற்றுநீரின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொள்வதால், அவ்வேடுகள் வருணிக்கும் முழுப்பெருக்கைப் பெருவெள்ளக் காலத்திலோ, பராமரிப்புக்காக நிலையம் நிறுத்தப்படும் சில நாள்களிலோதான் இப்போது காண இயலும்.